தாங்குகிறவர்களைத் தாங்குவோம்

வேதபகுதி: கலாத்தியர் 6:1-5, 1 இராஜாக்கள் 19:1-21



தாங்குதல் என்னும் சொல் நம்முடைய தமிழ் வேதாகமத்தில் பல இடங்களில் வருகிறது. எபேசியர் 4:2-இல் வருகிறது. கொலோசெயர் 3:13-இலும் வருகிறது. அழைப்புக்குத் தகுதியாய் நடப்பது எப்படியென்று விளக்கப் புகுந்த பவுல், மனத்தாழ்மையையும் சாந்தத்தையும் சொன்ன பிறகு, விசுவாசிகள் ஒருவரையொருவர் தாங்கவேண்டும் என்ற இடத்தில் வந்து நிற்கிறார். மூலமொழியில் அங்குள்ள சொல்லுக்குப் பொறுத்துக்கொள்ளுதல் என்றும் பொருள் கொள்ளலாம். நம் மொழிபெயர்ப்பாளர்கள் தாங்குதல் என்றே எழுதினார்கள். பொறுத்துக்கொள்வதை மனத்திற்குள்ளேயே செய்துவிடலாம். தாங்குவதற்கோ தோள் வேண்டும். அதனால் அவர்கள் தெரிந்துகொண்ட சொல்லுக்காக நான் கர்த்தரைத் துதிக்கிறேன்.

இந்த வாரம் அச்சொல்லை எனக்கு விளக்கிக் காட்டியது, நம் சபை வண்டியின் பின் சக்கரத்து பேரிங். பேரிங் என்று நாம் வழங்குவதைத் தமிழில் தாங்கு உருளை என்றும் சொல்லலாம். இரும்பினாலான இரண்டு வளையங்கள், அவற்றின் நடுவே உருளும் குண்டுகள், குண்டுகள் ஒன்றோடொன்று உரசாதபடி இடைவெளி காக்கும் ஒரு கூடு. அவ்வளவே அதன் அமைப்பு. சுழலுகிற தண்டுக்கும் அசையாத கூட்டுக்கும் இடையில் இருந்துகொண்டு, வண்டியின் எடையை அது சுமக்கிறது. வண்டியில் ஏறுகிறவர் ஒருவரும் அதைக் காண்பதில்லை.

மனிதர் இதைக் கண்டடைந்த வரலாறும் பயனுள்ளது. வேல்ஸ் நாட்டுக் கார்மார்த்தன் நகரில் இரும்பாலை நடத்திய பிலிப் வாகன் என்பவர், வண்டி அச்சுக்குள் குண்டுகளை உருளவிடும் முறைக்கு 1794-இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டிகள் செய்துவந்த ஹென்றி டிம்கன், வளைவுகளில் திரும்பும்போது பக்கவாட்டில் விழும் பாரத்தையும் தாங்கும்படி கூம்பு வடிவ உருளைகளை அமைத்து, 1898-இல் காப்புரிமை பெற்றார். சுவீடன் நாட்டுக் கோத்தன்பர்க் நகரில் நூற்பாலைப் பொறியாளராயிருந்த ஸ்வென் விங்குவிஸ்ட் வேறொரு சிக்கலைச் சந்தித்தார். அவருடைய ஆலை களிமண் நிலத்தின்மேல் நின்றது. நிலம் அமிழ அமிழ, இயந்திரத் தண்டுகள் நேர்கோடு தவறின. பேரிங்குகள் அடிக்கடி கெட்டன. தண்டு சற்றுச் சாய்ந்தாலும் அதற்கு இசைந்து கொடுக்கும் ஒரு பேரிங்கை அவர் 1907-இல் உருவாக்கினார். தாங்குகிறவர்கள் பாரத்தோடு சேர்த்துப் பிறருடைய கோணலையும் தாங்கவேண்டியிருக்கிறது என்பதைக் குடும்பம் நடத்துகிற எவருக்கும் நான் விளக்கவேண்டியதில்லை.

நம் வண்டிக்கு வருகிறேன். ஞாயிறுதோறும் அது இரும்பையிலிருந்து புறப்பட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மரக்காணத்து உப்பளங்களின் ஓரம் வரை சென்று, நடக்க இயலாத முதியோரையும் பிள்ளைகளையும் ஏற்றிவருகிறது. நம் ஊரின் பெயரை உச்சரிக்கும்போதே இரும்பு என்ற சொல் காதில் விழுகிறது. இரும்புக்கோ இக்கடற்கரை நல்ல இடமன்று. உப்பேற்றிச் செல்லும் லாரிகளிலிருந்து சாலையில் நீர் சொட்டுகிறது. காற்றிலும் உப்பு இருக்கிறது. ஆயில் சீல் என்னும் ரப்பர் வளையம் சற்றுத் தேய்ந்தாலும் போதும், உப்புநீர் உள்ளே கசிந்து, கண்ணாடிபோல் பளபளத்த வளையத்தில் ஊசிமுனை அளவு துருப்புள்ளிகளை உண்டாக்கும். அப்புள்ளிகளின்மேல் குண்டுகள் ஓடும்போது வண்டி முனகத் தொடங்குகிறது.

அம்முனகலை முதலில் கேட்டவர்கள் பின் இருக்கையில் அமரும் தாய்மார்கள். வேகம் கூடினால் ஒலி கூடுகிறது என்றும், இடப்பக்கம் வளையும்போது அதிகமாகிறது என்றும் ஒரு பாட்டி ஓட்டுநரிடம் தெளிவாகச் சொன்னார்கள். இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கச் சக்கரத்தின்மேல் சாயும். ஆகவே கெட்டிருப்பது வலப்பக்கத்து பேரிங் என்று, வண்டியைப் பாராமலே நம் சபையின் மெக்கானிக் தம்பி சொல்லிவிட்டார். அன்று சனிக்கிழமை பிற்பகல். பேரிங்கை அழுத்தி ஏற்றும் பிரஸ் உள்ள பட்டறையோ அடைத்தாயிற்று. மறுநாள் காலை ஆராதனைக்கு ஆட்களை அழைத்துவர வேண்டும். ஆலய வளாகத்து வேப்பமரத்தடியிலேயே, பிரஸ் இல்லாமல், அவர் அதை மாற்றினார். நான் விளக்குப் பிடித்தேன். எண்ணெய்ச் சட்டிக்குக் காவல் இருந்தேன். இரவு பத்து மணிவரை நடந்த அந்த வேலையில் ஒவ்வொரு படியும் எனக்கு ஒரு வேதபாடமாயிருந்தது. அவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1. முனகலைக் கேளுங்கள்

பேரிங் ஒரே நாளில் உடைவதில்லை. பல நாள் முன்னதாகவே ஒலி கொடுக்கிறது. தம்பி சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கியபின், மேலும் கீழுமாக இரு கைகளால் பிடித்து அசைத்துப் பார்த்தார். பிறகு மெல்லச் சுழற்றி, மறு கையை ஸ்பிரிங் பட்டையின்மேல் வைத்தார். காதுக்கு எட்டாத சொரசொரப்பு கைக்கு எட்டுகிறது என்றார். நானும் வைத்துப் பார்த்தேன். மணலை அரைப்பதுபோல் ஓர் அதிர்வு இருந்தது.

நம் வீடுகளில் பாரம் சுமக்கிறவர்களும் இப்படியே முன்னறிவிக்கிறார்கள். பேச்சு குறைகிறது, பதில்கள் கூர்மையாகின்றன, ஜெபக்கூட்டத்துக்கு வருவது நிற்கிறது. இவற்றைக் குற்றம் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. இவை பாரம் மிகுந்ததன் ஒலி என்று அறிகிறவர்கள் சிலரே. கைவைத்துப் பார்க்கும் அளவுக்கு நெருங்கினால் ஒழிய அது புலப்படாது.

2. முதலில் பாரத்தை இறக்குங்கள்

வேலை தொடங்குமுன் முன்சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்தார். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்தினார். ஜாக்கியால் தூக்கி, அச்சுக்கூட்டின்கீழ் இரும்பு ஸ்டாண்டை நிறுத்தி, அதன்மேல் எடையை இறக்கினார். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் போகலாகாது. செங்கலை அடுக்கியும் நிறுத்தலாகாது, அது நொறுங்கும் என்று அருகில் நின்ற இளைஞருக்குச் சொன்னார். எடை முழுவதும் இறங்கிய பிறகே அவர் பேரிங்கைத் தொட்டார்.

எலியாவிடம் தேவன் நடந்துகொண்ட விதத்தை நினைத்துப் பாருங்கள். யேசபேலுக்குத் தப்பி வனாந்தரத்தில் ஒரு நாள் வழி நடந்து, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாவைக் கேட்டு மன்றாடினான் அந்தத் தீர்க்கதரிசி. அவனுக்கு முதலில் கிடைத்தது பிரசங்கம் அன்று. தூக்கம் கிடைத்தது. பிறகு தழலில் சுட்ட அப்பமும் ஒரு பாத்திரத் தண்ணீரும். மறுபடியும் தூக்கம், மறுபடியும் போஜனம். வழி அவனுடைய பலத்துக்கு மிஞ்சியது என்பதைத் தூதனே ஒத்துக்கொண்டான். இங்கே உனக்கு என்ன காரியம் என்ற கேள்வி ஓரேப் மலையில்தான் வருகிறது. அதற்குள் நாற்பது நாள் கடந்துவிட்டது. களைத்தவனிடம் கேள்வி கேட்குமுன் பாரத்தை இறக்குவது தேவனுடைய வழக்கம்.

இவ்விடத்தில் தம்பி சொன்ன ஒரு விவரம் என்னை அன்று இரவு தூங்கவிடவில்லை. பெரிய லாரிகளில் வண்டியின் எடையைத் தாங்குவது வெளியிலிருக்கும் அச்சுக்கூடு. உள்ளே இருக்கும் தண்டுக்கு ஒரே வேலைதான்: சக்கரத்தைச் சுழற்றுவது. தண்டையே உருவி எடுத்தாலும் லாரி தன் சக்கரங்களின்மேல் நிற்கும். நம் வண்டி போன்ற சிறியவற்றிலோ ஒரே தண்டு சுழற்றவும் வேண்டும், எடையைத் தாங்கவும் வேண்டும். அதன்மேல் ஏறிய ஒரு பேரிங்கும், அதை அடுத்து இறுக்கிய ஒரு சிறு காலர் வளையமுமே சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கின்றன. அவை விட்டால், ஓடுகிற வண்டியிலிருந்து தண்டோடு சக்கரம் வெளியே வந்துவிடும்.

கலாத்தியர் 6-ஆம் அதிகாரத்தை இதனோடு சேர்த்து வாசியுங்கள். 2-ஆம் வசனம் பிறர் பாரத்தை நாம் சுமக்கச் சொல்கிறது. 5-ஆம் வசனமோ ஒவ்வொருவனும் தன்னுடையதைச் சுமப்பான் என்கிறது. தமிழில் இரண்டிலும் பாரம் என்ற ஒரே சொல் இருப்பதால், இது முரண் அல்லவா என்று வேதபாட வகுப்பில் பலர் கேட்டிருக்கிறீர்கள். கிரேக்கத்தில் சொற்கள் வேறு. 2-ஆம் வசனத்தில் உள்ளது பாரோஸ்: அழுத்தி நசுக்கும் எடை. 5-ஆம் வசனத்தில் உள்ளது ஃபோர்த்தியோன்: ஒருவனுக்கு அளந்து கொடுக்கப்பட்ட சுமை. ஆண்டவர் தம்முடைய சுமை இலகுவானது என்று மத்தேயு 11-இல் சொல்லும்போதும் இரண்டாவது சொல்லே வருகிறது. சக்கரத்தைச் சுழற்றும் வேலை அவரவருடையது. அதைப் பிறர் பிடுங்கவேண்டியதில்லை. வண்டியின் எடையோ கூட்டின்மேல் விழவேண்டும். சபை அந்தக் கூடாக இருக்கவேண்டும். ஒரே ஆள் சம்பாதிக்கவும் வேண்டும், நோயாளியைத் தூக்கிப் போடவும் வேண்டும் என்ற நிலையில் ஒரு வீடு இருந்தால், அவ்வீட்டைச் சுற்றி நாம் கூடாக அமையவில்லை என்பதே அதன் பொருள்.

3. கழற்றும்போது தண்டைக் கீறாதீர்கள்

பிரேக் டிரம்மைக் கழற்றி, பின்தட்டின் நான்கு நட்டுகளையும் எடுத்தபின், தண்டு எளிதில் வெளிவரவில்லை. தம்பி டிரம்மைத் திருப்பிப் போட்டு, சக்கர நட்டுகளைத் தளர்வாக மாட்டி, டிரம்மையே சுத்தியலாகக் கொண்டு தம்பக்கமாக வெடுக்கென்று இழுத்தார். மூன்றாம் இழுப்பில் தண்டு வெளியே வந்தது.

அடுத்தது காலரையும் பேரிங்கையும் தண்டிலிருந்து எடுப்பது. பிரஸ் இருந்தால் அழுத்தித் தள்ளிவிடலாம். இல்லாதபோது வெட்டியே எடுக்கவேண்டும். காலரில் டிரில்லால் துளையிட்டார்; முழுவதும் துளைக்காமல் முக்கால் ஆழத்தோடு நிறுத்தினார். துளையின்மேல் உளியை வைத்து ஓர் அடி. காலர் பிளந்து தளர்ந்தது. பிறகு பேரிங்கின் கூட்டை வெட்டிக் குண்டுகளைக் கொட்டி, வெளி வளையத்தைக் கழற்றினார். எஞ்சிய உள் வளையத்தைக் கிரைண்டரால் மெல்ல மெல்லத் தேய்த்து, காகிதம்போல் மெலிந்ததும் நிறுத்தி, உளியால் தட்டினார். கெட்டியாகப் பதமிட்ட எஃகு ஆதலால் டிக்கென்ற ஓசையோடு வெடித்தது. அத்துண்டுகள் கண்ணில் தெறிக்கும் என்பதால், கண்ணாடி அணியாத ஒருவரையும் அவர் கிட்டே வரவிடவில்லை.

"ஏன் தம்பி கடைசி இழையை விட்டுவிடுகிறீர்கள்? ஒரே வெட்டில் முடித்துவிடலாமே" என்று கேட்டேன்.

"தண்டுல ஒரு கீறல் பட்டாலும் போச்சுங்க ஐயா. இன்னிக்கு ஒண்ணும் தெரியாது. ஓட ஓட அந்தக் கீறல்லதான் விரிசல் விடும். ஒருநாள் அங்கேயே முறியும்" என்றார்.

பொறுப்புகளிலிருந்து மனிதரை விடுவிக்கும்போது இதை நினைவில் வையுங்கள். தேய்ந்துபோனவர் ஒருவரைப் பொருளாளர் பணியிலிருந்தோ, பாடகர் குழுவிலிருந்தோ, ஒரு வீட்டின் நிர்வாகத்திலிருந்தோ விடுவிக்கவேண்டிய நேரம் வரலாம். பாரத்தை வெட்டி எடுக்கலாம். மனிதரைக் கீறலாகாது. கூட்டத்தில் எல்லாருக்கும் முன்பாகச் சொன்ன ஒரு வார்த்தை, பல ஆண்டுகளுக்குப் பிறகு விரிசலாகத் திறக்கிறது. கலாத்தியர் 6-இன் முதல் வசனம் சாந்தத்தோடு சீர்ப்படுத்தச் சொல்வது இதனாலேயே என்று நினைக்கிறேன்.

4. அடிக்குமுன் வெப்பம்

புதிய பேரிங்கின் உள் துளை, தண்டின் பருமனைவிடச் சிறிது குறைவாகவே இருக்கும். அந்த இறுக்கம்தான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. ஆனால் எப்படி ஏற்றுவது? சட்டியில் சுத்தமான எண்ணெயை ஊற்றி, அடியைத் தொடாதபடி பேரிங்கைக் கம்பியில் தொங்கவிட்டு, வெப்பமானியை வைத்து, 110 பாகை செல்சியஸ் வரை மெல்லச் சூடாக்கினோம். 120-ஐத் தாண்டவிடக் கூடாது, எஃகின் பதம் கெடும் என்பதே எனக்கு இட்ட கட்டளை. எங்களுடையது மூடியில்லாத வகை. ரப்பர் மூடியோடு வரும் பேரிங்கை எண்ணெயில் இடலாகாது. நேரடித் தழலை எந்த வகைக்கும் காட்டலாகாது. இதே நேரத்தில் தண்டை, மீன்காரரிடம் வாங்கிவந்த ஐஸ் கட்டிகளால் சாக்கில் சுற்றிக் குளிர வைத்தோம்.

கணக்கைக் கேட்டீர்களானால் வியப்படைவீர்கள். 40 மில்லிமீட்டர் துளையுள்ள எஃகு வளையத்தை 80 பாகை கூடுதலாகச் சூடாக்கினால், துளை ஏறத்தாழ 0.04 மில்லிமீட்டர் விரிகிறது. நம் தலைமயிரின் பருமன்கூட இல்லை. அந்த அளவு போதுமானது. தண்டை ஈரமறத் துடைத்து, பின்தட்டையும் சீலையும் மறவாமல் முதலில் கோத்தபிறகு, கனத்த கையுறையோடு பேரிங்கை எடுத்து இட்டார் தம்பி. மோதிரம் விரலில் இறங்குவதுபோல் இறங்கி, தோள்பட்டையைத் தொட்டது. குளிரும்போது அது பின்வாங்கும் என்று சிறிது நேரம் அழுத்திப் பிடித்தார். பிறகு இடையில் மெல்லிய தகடு நுழையாததைக் கண்டு உறுதி செய்துகொண்டார். அதன்பின் புதிய காலரை இன்னும் அதிகமாகச் சூடாக்கி இட்டார். பழைய காலரை மறுபடி பயன்படுத்துவதில்லை. காலர் குளிர்ந்த நிலையிலேயே தளர்வாக ஏறியிருந்தால் தண்டு தேய்ந்துவிட்டதென்று பொருள். அப்போது வண்டியை எடுக்கவே கூடாது, தண்டையே மாற்றவேண்டும் என்றும் சொன்னார்.

ஒருவேளை பாதியில் நின்றுவிட்டால்? அதற்காக ஒரு குழாய்த் துண்டை ஆயத்தமாக வைத்திருந்தார். அதன் விளிம்பு உள் வளையத்தின்மேல் மட்டும் உட்காரும் அளவு. "வெளி வளையத்துல ஒரு அடிகூட விழக் கூடாதுங்க ஐயா. விழுந்தா புதுசு அன்னிக்கே பழசு" என்றார். காரணம் இதுதான்: வெளி வளையத்தில் அடித்தால், அடியின் விசை குண்டுகளின் வழியாகவே உள்ளே போகும். கண்ணாடிபோன்ற பாதையில் ஒவ்வொரு குண்டும் ஒரு பள்ளம் பதிக்கும். வெளியே பார்த்தால் ஒரு சிறு தழும்பும் இராது.

பாரம் சுமக்கிற ஒருவருக்கு நாம் சொல்லும் புத்திமதிகள் பெரும்பாலும் வெளி வளையத்தில் விழுகிற அடிகள். ஏன் ஆராதனைக்குத் தாமதம், ஏன் உபவாசக் கூட்டத்துக்கு வரவில்லை, விசுவாசம் இருந்தால் முகம் இப்படியா இருக்கும் என்று கேட்கிறோம். கேட்டவர் மறந்துவிடுகிறார். கேட்கப்பட்டவரின் உள்ளே பள்ளம் பதிகிறது. அந்த மனிதரிடம் எதையாவது மாற்றத்தான் வேண்டுமென்றால் முதலில் சூடேற்றுங்கள். சட்டியில் ஏறிய சூட்டுக்கு அரைமணி நேரம் காத்திருந்தோம். ஒரு வீட்டுத் திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்க நம்மால் ஆகாதா?

5. சேம அச்சு

இக்கடற்கரையின் உப்பு வாணிகத்தைச் சங்க இலக்கியம் அறிந்திருக்கிறது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அக்கால உமணர்கள் உப்பு மூட்டைகளை மாட்டு வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்றார்கள். புறநானூற்றின் 102-ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது அவ்வண்டிகளை நினைக்கிறார். காளைகள் இளையவை, பாரம் பெரிது, வழியில் மேடும் பள்ளமும் எப்படியிருக்குமோ என்று எண்ணிய உமணர்கள், வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றார்களாம். அதற்குச் சேம அச்சு என்று பெயர். ஆபத்தில் உதவும் அவனை அந்த அச்சுக்கு ஒப்பிடுகிறார் புலவர்.

எலியாவின் கதையும் அங்கேயே முடிகிறது. பெருங்காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் கடந்தபின், மெல்லிய சத்தத்தில் பேசின கர்த்தர் அவனுக்குக் கொடுத்த கட்டளைகளுள் ஒன்று, எலிசாவை அபிஷேகம்பண்ணு என்பது. தான் ஒருவனே மீந்திருப்பதாக எண்ணியிருந்தவனுக்கு, ஏழாயிரம் பேர் மீந்திருக்கிறார்கள் என்ற செய்தியும் வந்தது. எலிசா வந்து, எலியா உயிரோடு இருக்கும்போதே அவனுக்கு ஊழியஞ்செய்தான். அச்சு முறிந்தபின் தேடினதன்று. முன்னமே வண்டியின் அடியில் கட்டப்பட்டது.

பிரியமானவர்களே, இதுவரை வண்டியைப் பற்றி எழுதினேன். இனி நம் சபையில் உள்ள ஒரு வீட்டைப் பற்றி எழுதுகிறேன். அவர்களிடம் கேட்டு, அனுமதி பெற்றே எழுதுகிறேன், பெயர் வேண்டாம். அச்சகோதரி பொழுது விடியுமுன் உப்பளத்துக்குப் போகிறார்கள். பாத்திகளின் வெண்மையில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசச்செய்ய, உப்பை வாரிச் சுமந்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். வீட்டில் கணவர் பக்கவாதத்தால் இரண்டு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். படுக்கைப்புண் வராதிருக்க, இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அவர்களைவிட அவர் எடை கூடியவர். ஆராதனையில் அவர்கள் தூங்குவதாகச் சிலர் என்னிடம் குறைகூறினீர்கள். அது முனகல், பிரியமானவர்களே. அந்த வீட்டில் ஒரே தண்டு சுழற்றவும் செய்கிறது, முழு எடையையும் சுமக்கிறது.

அவர்களுடைய சுழற்சியை நாம் எடுத்துக்கொள்ள முடியாது. அவர்கள் அதை விரும்பவுமில்லை. என் வீட்டுக்காரரை நானே பார்த்துக்கொள்வேன் ஐயா, வாரத்தில் சில இரவு தூங்கினால் போதும் என்பதே அவர்கள் கேட்டது. அவர்களுடைய ஃபோர்த்தியோன் அவர்களிடம் இருக்கட்டும். பாரோஸை நாம் பகிர்வோம்.

ஆகவே வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலருகே ஒரு தாள் வைக்கப்படும். செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று இரவுகளுக்கு, இரவு ஒன்றுக்கு இரண்டு ஆண்கள் தேவை. இரவு ஒன்பது மணிக்குப் போய், காலை ஐந்து மணிக்குத் திரும்பலாம். எப்படிப் புரட்டுவது, முதுகிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்பதை நம் சபையில் உள்ள செவிலியர் சகோதரி அன்றே கற்றுக்கொடுப்பார்கள். ஒருவருக்கு இயலாத நாளில் போக, மாற்று ஆள் ஒருவருடைய பெயரும் ஒவ்வொரு இரவுக்கும் எழுதப்படவேண்டும். அந்தக் கட்டத்துக்குச் சேம அச்சு என்றே தலைப்பிட்டிருக்கிறேன். அங்கே போகிறவர்கள் புத்திமதி ஒன்றும் சொல்லவேண்டாம். அவர் விழித்திருந்தால் ஒரு சங்கீதம் வாசியுங்கள், உறங்கினால் உறங்கட்டும்.

பெயர் எழுத இயலாத முதியோர் வருந்தவேண்டாம். உங்கள் தெருவில் இதுபோல் முனகல் கேட்கும் வேறொரு வீடு இருந்தால் எனக்கு வந்து சொல்லுங்கள். பேரிங்கின் ஒலியை முதலில் கேட்டது உங்களுள் ஒருவரே.

ஜெபம்

எங்கள் பாரங்களைச் சுமந்து தீர்த்த கர்த்தாவே, தாங்குகிறவர்களுக்காக உம்மைத் துதிக்கிறோம். நாங்கள் காணாத இடத்தில் அவர்கள் தேய்ந்துபோகும்போது நீர் காண்கிறீர். எங்கள் காதுகளைத் திறந்தருளும். எங்கள் கைகளில் உள்ள சுத்தியலை வாங்கிக்கொள்ளும். எங்கள் சபையை எடை தாங்கும் கூடாக ஆக்கும். இந்த வாரம் களைத்துப் படுக்கிறவர்களுக்கு நித்திரையைத் தாரும். விழித்திருக்கும்படி எங்களில் சிலரை எழுப்பும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்,
இரும்பை